அண்டார்டிகாவில் ஒரு கைப்பிடிப் பச்சை

"புல்லப் பத்திப் படிக்கறதுக்கா அமெரிக்கா வந்தே? எங்க லான்லயே எக்கச்சக்கமா கிடக்கு. சனிக்கிழமை வந்து மோ பண்ணிட்டுப் போ. எனக்கும் வேலை முடிஞ்சுடும், உனக்கும் படிச்ச மாதிரி ஆச்சு."

நியூஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் வாடகைக்கு ஒரு பேஸ்மென்ட் அறையைப் பார்க்கப் போன அன்று, வீட்டுக்காரர் சுந்தரம் அங்கிள் என்னிடம் சொன்னது இது. "சும்மா இருங்க, பாவம், இப்பத்தான் வந்து இறங்கியிருக்கு" என்று விஜயா ஆன்ட்டி அவரை அடக்கினார். நான், "அண்டார்டிகா புல்லு அங்கிள்" என்றேன். "அங்க ஏதும்மா புல்லு? ஐஸும் பென்குவினும்தானே?" என்றார் அங்கிள்.

ஐஸும் பென்குவினும் மட்டுமில்லை. அந்தப் பெரிய கண்டத்தில் நூற்றில் ஒரு பங்கு நிலம்கூடப் பனிக்கு வெளியே தலை காட்டுவதில்லை. காட்டுகிற அந்தக் கொஞ்சத்திலும் பாசியும் கல்லில் படரும் லைக்கனும்தான் அதிகம். ஆனால் பூக்கிற செடிகள் இரண்டு உண்டு, இரண்டே இரண்டு. ஒன்று மயிர்போல மெல்லிய புல். மற்றொன்று பச்சை மெத்தைபோலக் குவிந்து வளர்ந்து, குண்டூசித் தலையளவு வெளிர்நிறப் பூ விடும் பூண்டு. அதன் ஆங்கிலப் பெயரில் முத்து வருகிறது, அதனால் நான் முத்துப்பூண்டு என்று பெயர் வைத்துக்கொண்டேன். மாநிலப் பல்கலைக்கழகத்தின் குளிர் அறையில் தட்டுத் தட்டாக அதை வளர்த்து, அது எப்படி உறையாமல் தாக்குப்பிடிக்கிறது என்று ஆராய்வதுதான் என் முனைவர் படிப்பு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் மாணவியாக நுழைந்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

அண்டார்டிகாவுக்குப் போகும் சுற்றுலாக் கப்பல் ஒன்று, ஒவ்வொரு பருவத்திலும் ஓர் ஆய்வாளருக்கு இலவசமாக ஒரு படுக்கை தருகிறது. இந்த முறை அது எங்கள் ஆய்வகத்துக்குக் கிடைத்தது. பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "நீ போய் வா" என்றார். லிவிங்ஸ்டன் தீவின் ஹன்னா முனையில் சில வருடங்களுக்கு முன் அவர் ஆறு பாறைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் இடுக்கில் வளரும் முத்துப்பூண்டைப் படமெடுத்திருந்தார். நான் அதே ஆறு பாறைகளை, அதே கோணத்தில் எடுத்து வர வேண்டும். செடி வளர்ந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்பது அந்தப் படங்களில் தெரிந்துவிடும். கிடைக்காவிட்டால் என் ஆய்வேட்டுக்குக் கடைசி அத்தியாயம் இல்லை. இத்தனைக்கும் நான் அந்தச் செடியை அதன் சொந்த மண்ணில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை!

பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை. பிஸ்கட்டவே, பகல் 11 மணி

கப்பல்காரர்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள்: உடை, காலணி, பை எதிலும் மண்ணோ விதையோ இருக்கக்கூடாது. எடிசனில் பழைய துணிகள் விற்கும் கடையில் 45 டாலருக்கு வாங்கிய தடித்த ஜாக்கெட்டை முந்தின நாளே வேக்யூம் பண்ணி, வெல்க்ரோ ஒட்டுப்பட்டைகளைச் சீப்பால் வாரி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டியிருந்தேன்.

"போட்டுட்டு வாம்மா, ஒரு போட்டோ எடுக்கணும்" என்றார் விஜயா ஆன்ட்டி. போட்டுக்கொண்டு வந்தேன். பார்த்ததும் அவர் முகம் மாறியது. "அம்மாடி, எவ்ளோ ஜம்முனு இருக்கே! எத்தனை பேர் கண்ணு படப்போகுதோ. அப்படியே நில்லு, சுத்திப் போட்டுடறேன்."

வீட்டுக்குள் திருஷ்டி கழித்தால் ஸ்மோக் அலாரம் அலறும். ஏற்கெனவே ஒருமுறை அலறி, தெருவே வெளியே வந்து நின்றதாம். அதனால் டிரைவ்வேயில், காருக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே என்னைக் கிழக்குப் பார்க்க நிறுத்தினார். ஐசலினில் வாங்கிய புதுப் பாக்கெட் கடுகு, கல் உப்பு, காய்ந்த மிளகாய். கை நிறைய அள்ளி, தலையிலிருந்து கால்வரை மூன்று சுற்று. காற்று அன்றைக்குப் பார்த்துத்தான் சுழற்றி அடித்தது.

"கடுகு சிந்துது பாரு" என்றார் அங்கிள்.

"சிந்தினா சிந்தட்டும். திருஷ்டி அவ்ளோ இருக்குன்னு அர்த்தம்."

விமான நிலையம் போகும் வழியெல்லாம் அங்கிளுக்கு ஒரே குஷி. டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறியதும் ஆரம்பித்தார். "எதுக்கும் பென்குவின்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரு. ஹெச்-ஒன் விசா ஸ்பான்சர் பண்ணுதான்னு. நம்ம கம்பெனிக்காரன் எல்லாம் நிறுத்திட்டான்."

"பண்ணினா உங்களுக்கும் சொல்றேன் அங்கிள். ஆனா அங்க லான் கிடையாது."

"அப்ப நான் வரலை" என்றார்.

அன்று மாலை. ஹூஸ்டன்

நெவார்க்கிலிருந்து ஹூஸ்டன் சுமார் 2,250 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். டெக்ஸாஸ் மண்ணில் நான் பார்த்தது கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதையும் அதன் மேல் ஒரு பெரிய ஆரஞ்சு வானமும்தான். ஆறரை டாலர் கொடுத்து ஒரு காப்பி வாங்கிக்கொண்டு அப்பாவை அழைத்தேன். அங்கே காலை, ராத்திரி ஷிப்ட் முடித்து வந்திருந்தார்.

"ஏங்கண்ணு, அந்த ஊர்ல மனுசங்க இருக்காங்களா?"

"குடியிருக்கறவங்க யாரும் இல்லீங்கப்பா. ஆராய்ச்சிக்கு வர்றவங்க மட்டும்தானுங்க."

"அப்ப கட்சிக்காரன், கந்துவட்டிக்காரன், ஒருத்தனும் கிடையாதா?"

"கிடையாதுங்க."

"நல்ல ஊராத்தான் இருக்கும். போய்ட்டு வா சாமி."

ஹூஸ்டனிலிருந்து புவெனஸ் அயர்ஸ் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல், இரவு முழுக்கப் பறக்க வேண்டும். அங்கே விமான நிலையம் மாறி, இன்னும் மூன்றரை மணி நேரம் தெற்கே போனால் உஷூவாயா. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிவைத்த ஊர். தெருமுனையில் நின்றால் ஒரு பக்கம் பனிச்சிகரம், மறுபக்கம் கப்பல். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பார்க்கத் தோன்றியது. பார்த்தேன், கழுத்து சுளுக்கிக்கொண்டது.

செவ்வாய். உஷூவாயா துறைமுகம், மாலை 4 மணி

கப்பலில் என் அறைத்தோழி கல்யாணி ஆன்ட்டி. கலிபோர்னியாவில் சான்டா கிளாராக்காரர். சிப் கம்பெனியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் சென்னை. என் பெயர்ப்பட்டையைப் பார்த்ததும், "கௌசல்யா! தமிழா? அப்பாடா, நான் இங்கிலீஷ்லயே பத்து நாள் ஓட்டணுமேன்னு பயந்துட்டே வந்தேன்" என்று கட்டிக்கொண்டார். இது அவருக்கு ஏழாவது கண்டம். "பசங்க ரெண்டும் 'அம்மா, ஆர் யூ ஷ்யூர்?'னு கேட்டுட்டே இருந்ததுங்க. டிக்கெட் புக் பண்ணிட்டுத்தான் சொன்னேன்."

பீகிள் கால்வாயில் கப்பல் நகர ஆரம்பித்தபோது நான் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். கத்த வேண்டும்போல இருந்தது. யாரும் பார்க்காத பக்கமாகப் போய் ஒரு முறை கத்தினேன்.

புதன். டிரேக் நீரிணை

தென் அமெரிக்காவின் முனைக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே சுமார் எண்ணூறு கிலோமீட்டர் அகலமான திறந்த கடல் இது. கப்பல் அதன் மேல் தொட்டில் கட்டி ஆடியது. காலை உணவுக்கு வந்தவர்கள் பாதிப் பேர்.

ஆனால் வெளியே ஆல்பட்ராஸ்! விரித்த சிறகு மூன்று மீட்டருக்கு மேல். நான் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அது ஒருமுறைகூட இறக்கை அடிக்கவில்லை. அலையின் பள்ளத்தில் இறங்கி, மேட்டில் காற்றைப் பிடித்து ஏறி, கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் பின்னால் கறுப்பு வெள்ளைக் கட்டம்போட்ட சின்ன கேப் பெட்ரல்கள் கூட்டமாக வளைந்து வளைந்து பறந்தன. குளிரில் கை மரத்தது தெரியாமல் நின்றேன்.

பத்து மணிக்கு உடைச் சோதனை. எல்லோரும் ஜாக்கெட், பை, காலணியோடு வரிசையில் நின்றோம். பயணக் குழுத் தலைவர் மார்த்தா சிலி நாட்டுக்காரர். உயரமாக, குட்டை முடியோடு, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கும் பெண். என் ஜாக்கெட்டின் தலைமூடியைத் திருப்பி ஒரு வெள்ளைத் தட்டில் தட்டினார். டக், டக் என்று ஏதோ விழுந்து உருண்டது. கறுப்பாக, பளபளப்பாக, அப்பழுக்கில்லாத உருண்டை.

மார்த்தா இடுக்கியால் ஒன்றை எடுத்துப் பார்த்தார். அடுத்து மணிக்கட்டின் ஒட்டுப்பட்டையைப் பிரித்தார். அதிலும் இரண்டு. ஜாக்கெட்டின் பாக்கெட்டுக்குள் கை விட்டார். பாக்கெட்டில் இருந்த ஓட்டை வழியாக உள் துணிக்குள்ளும் போயிருந்தது. குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம்.

"இது என்ன?"

"கடுகு" என்றேன். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"நீதானே தாவரம் படிப்பவள்?"

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். திருஷ்டியை ஆங்கிலத்தில் விளக்கினேன். கண் படுவது, மூன்று சுற்று, ஸ்மோக் அலாரம், டிரைவ்வே, காற்று. யாரோ சிரித்தார்கள். மார்த்தா சிரிக்கவில்லை. "எங்கள் ஊரிலும் கண் படும். குழந்தையின் கையில் சிவப்புக் கயிறு கட்டுவோம்" என்றார். பிறகு சொன்னார்: "கயிறு முளைக்காது."

ஜாக்கெட்டைக் கறுப்புப் பையில் கட்டி முத்திரை வைத்துவிட்டார். கப்பலில் மாற்று ஜாக்கெட் உண்டு, அது பிரச்சினையில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் என்னைச் சில்லிட வைத்தது. "மற்றவர்கள் கரையோரப் பாதையில் நடப்பார்கள். நீ மட்டும்தான் செடிகளுக்குப் பக்கத்தில் போக அனுமதி கேட்டிருக்கிறாய். ஒரு விதைகூட விழக்கூடாத இடம் அது. உன்னை அங்கே கூட்டிப்போவதா என்று இப்போது என்னால் சொல்ல முடியாது."

அறைக்கு வந்து படுக்கையில் உட்கார்ந்தேன். கல்யாணி ஆன்ட்டி பின்னாலேயே வந்தார்.

"ஏம்மா, கடுகு சிறுத்தாலும்..."

"ஆன்ட்டி, ப்ளீஸ். அந்தப் பழமொழி மட்டும் வேண்டாம்."

"சரி, சரி. அழுதுடாத. அந்த லேடி முடியாதுன்னு சொல்லலியே? 'இப்ப சொல்ல முடியாது'ன்னுதான சொன்னா? எங்க மேனேஜர் அப்படிச் சொன்னா, போய் இன்னொரு தடவை டெமோ காட்டுன்னு அர்த்தம்."

நான் அழவில்லை. என் பை, தொப்பி, காமிரா உறை, முக்காலி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மறுபடி மார்த்தாவிடம் போனேன். "எல்லாவற்றையும் உங்கள் கண் முன்னாலேயே கொட்டுகிறேன். ஒவ்வொரு தையலாகப் பாருங்கள்" என்றேன். அவர் பார்த்தார், உண்மையிலேயே ஒவ்வொரு தையலாக. சுத்தமாக இருந்தது. ஆனாலும் அனுமதி என்று சொல்லவில்லை.

மேஜை மேல் அன்று எல்லோரிடமிருந்தும் எடுத்தவை தட்டுத் தட்டாகக் கிடந்தன. நூல் பிசிறு, மணல், நாய் முடி. அவற்றின் நடுவே பழுப்பு நிறத்தில், எள்ளைவிடச் சின்னதாக, உமி போன்ற சில துணுக்குகள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இது யாருடையது?"

"ஒரு காமிராப் பையிலிருந்து. வெறும் சருகு."

"சருகு இல்லை. புல் விதை. என் கடுகைவிட இதுதான் பயங்கரம்."

சாதாரண லான் புல் அது. ஒரு வருடத்தில் முளைத்து, பூத்து, விதைத்துவிட்டுப் போகும் களை. உலகம் முழுக்கப் பூங்காக்களில் இருக்கிறது. சுந்தரம் அங்கிளின் லானிலும் இருக்கிறது. இந்தப் பக்கத் தீவுகளில் ஆய்வு நிலையம் ஒன்றின் அருகே மனிதர்களோடு வந்து இறங்கி வேர்பிடித்துவிட்டது; அதைப் பிடுங்கிப் போட ஆட்கள் வருடக்கணக்கில் மண்டியிட்டு உழைத்திருக்கிறார்கள். நான் பூதக்கண்ணாடியில் காட்டக் காட்ட, மார்த்தா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

காமிராப் பை கல்யாணி ஆன்ட்டியுடையது. "ஐயையோ! பார்க்ல யோகா க்ளாஸ் எடுக்கறப்ப புல்லு மேலதான் வைப்பேன்" என்று வாயில் கை வைத்தார். அடுத்த நொடி கண்ணில் குறும்பு. "ஆக, கேபின் ஒண்ணு, க்ரிமினல்ஸ் ரெண்டு."

மார்த்தா எனக்கு ஓர் இடுக்கியும் நாற்காலியும் கொடுத்தார். அன்று மதியமும் மறுநாளும் அவரோடு உட்கார்ந்து, கப்பலில் உள்ள அத்தனை ஒட்டுப்பட்டைகளையும் நோண்டினேன். டிரேக் ஆடிக்கொண்டே இருந்தது. தட்டுகள் வழுக்கி வழுக்கி ஓடின. ஒரு பெரியவரின் காலுறையில் நாயுருவி மாதிரி ஒட்டும் முள்விதை. ஓர் அம்மாளின் கையுறையில் டேன்டேலியன் பூவின் பஞ்சு விதை. "இது என்ன, இது என்ன" என்று மார்த்தா கேட்டுக்கொண்டே இருந்தார். வியாழன் மாலை, கருவிகளைத் துடைத்து வைக்கும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நாளைக்கு ஹன்னா முனை. என்னோடு வருகிறாய். நான் கால் வைத்த இடத்தில் மட்டும் நீ கால் வைப்பாய்."

அறைக்கு ஓடி, கல்யாணி ஆன்ட்டியைத் தூக்கிச் சுற்றினேன். கப்பலும் சேர்ந்து சுற்றியது.

வெள்ளி. லிவிங்ஸ்டன் தீவு

காலை எட்டு மணிக்கே ஹன்னா முனை கண்ணில் பட்டது. கறுப்புப் பாறைக் கூர்கள், அவற்றின் பின்னால் பனியாறு. ஆனால் அலை உயரமாக இருந்தது. கீழே இறக்கிய முதல் ரப்பர் படகு தண்ணீரில் எகிறி எகிறி விழ, மார்த்தா கையை ஆட்டி அதைத் திரும்ப ஏற்றச் சொன்னார். "காத்திருப்போம்" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. மாலைக்குள் இறங்க முடியாவிட்டால் கப்பல் தெற்கே போய்விடும், திரும்ப இங்கே வராது.

நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. கல்யாணி ஆன்ட்டி சப்பாத்தியில் மிளகாய்ப்பொடி தடவிக் கொண்டு வந்து என் வாயில் ஊட்டினார். "எள்ளு வறுத்து அரைச்சது, முளைக்காது, செக் பண்ணிட்டேன்" என்றார்.

பகல் இரண்டரைக்குக் காற்று திசை மாறியது. கடல், யாரோ கையால் தடவிவிட்டதுபோலத் தணிந்தது. "படகுகள் இறங்கட்டும்!"

கிருமிநாசினித் தொட்டியில் காலணியை நனைத்துவிட்டுப் படகில் இறங்கினோம். கரையை நெருங்குவதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிட்டது: கருவாட்டுக் கிடங்கில் கோழிப்பண்ணை வைத்த மாதிரி. தாடையில் கறுப்புக் கோடு போட்ட சின்ஸ்ட்ராப் பென்குவின்களும் ஆரஞ்சு அலகு ஜென்டூ பென்குவின்களும் ஆயிரக்கணக்கில். இறால் போன்ற கிரில் தின்று தின்று அவற்றின் எச்சம் இளஞ்சிவப்பு. குஞ்சுகள் பாதி பஞ்சும் பாதி இறகுமாக, தலையில் மட்டும் விக் வைத்ததுபோல நின்றன. ஒன்று உணவுக்காகத் தன் அம்மாவைத் துரத்தியது. அம்மா ஓட, குஞ்சு ஓட, இரண்டும் சேற்றில் குப்புற விழுந்தன. நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஸ்கூவா என்ற பழுப்புக் கழுகுச் சாயல் பறவை ஒன்று மேட்டில் உட்கார்ந்து, எந்தக் குஞ்சு நொண்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

மார்த்தா முன்னால் நடக்க, நான் அவர் தடத்திலேயே பின்னால் நடந்தேன். பாறைகளில் ஆரஞ்சு லைக்கன், பெயின்ட் கொட்டியதுபோல. ஈரமான இடங்களில் பச்சைப் பாசி. அந்தப் பாசிக்குள் இறக்கையே இல்லாத ஒரு குட்டிப் பூச்சியின் புழுக்கள் வாழ்கின்றன. நிலத்தை விட்டு அகலாத அண்டார்டிக் விலங்குகளில் இதுதான் மிகப் பெரியது, வளர்ந்தாலும் அரிசியளவுதான். பறந்தால் காற்று கடலில் தள்ளிவிடும் என்று இறக்கையையே விட்டுவிட்டது.

பிறகு மார்த்தா நின்றார். "முதல் பாறை."

பார்த்தேன்.

குளிர் அறையில் நான் வளர்க்கும் முத்துப்பூண்டு நீண்டு, வெளுத்து, செல்லப்பிள்ளைபோல இருக்கும். இது அப்படியில்லை. பாறை இடுக்கில் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருண்டு, இறுகி, அடர் பச்சையாக, தறி ஓட்டிக் காய்த்த கைபோல இருந்தது. அதன் மேல் ஊசிமுனையில் வைத்ததுபோலக் குட்டிக் குட்டி விதைக்கூடுகள். பக்கத்தில் மயிர்ப்புல் காற்றில் படபடத்தது. கண்டத்தின் இரண்டு பூச்செடிகளும் என் காலணிக்கு ஒரு முழம் தள்ளி! மார்த்தாவின் தோளைத் தட்டினேன், அவ்வளவுதான்.

படம் எடுப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. பறவைக் காய்ச்சல் பயத்தால், இங்கே காலணியைத் தவிர வேறு எதுவும் தரையில் படக்கூடாது. முட்டி போடக்கூடாது, உட்காரக்கூடாது, முக்காலி வைக்கக்கூடாது. ஆனால் பேராசிரியரின் படங்கள் தரையோடு தரையாக எடுத்தவை. மார்த்தா குனிந்து காட்டிப் பார்த்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். நான் அப்படியே குத்துக்காலிட்டுக் குந்தினேன். பாதம் இரண்டும் தரையில் முழுசாக, மற்றதெல்லாம் காற்றில். முழங்கை முட்டியில் ஊன்ற, காமிரா ஆடாமல் நின்றது. ஓர் அளவுகோலைக் கையில் தொங்கவிட்டு எடுத்தேன்.

"இப்படி எவ்வளவு நேரம் இருப்பாய்?" என்றார் மார்த்தா.

"எங்கள் ஊரில் பஸ் வரும்வரை இருப்போம்."

"பஸ் எப்போது வரும்?"

"அது யாருக்கும் தெரியாது."

முதல் முறையாகச் சத்தமாகச் சிரித்தார்.

இரண்டாம் பாறையில் செடி பழைய படத்தைவிடப் பெருத்து, பக்கத்துச் செடியோடு சேர்ந்துவிட்டது. மூன்றாவதில் பழுப்பாகிச் செத்திருந்தது. மேலே பறவை எச்சம். நான்கும் ஐந்தும் கொஞ்சம் வளர்ந்திருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்ததும் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கதை ஒரே மாதிரி இல்லை! நான் நினைத்ததைவிடச் சுவாரசியமாக இருந்தது.

ஆறாவது பாறை மேட்டின் மறுபக்கம். ஏறிப் பார்த்தோம். பாறை இருந்தது. அதன் மேல் பாதி சாய்ந்தபடி, யானைச்சீல் என்ற பெரிய கடல்விலங்கு ஒன்று படுத்திருந்தது.

கரையில் கவிழ்த்துப்போட்ட பரிசல் அளவு உடம்பு. தோல் உரியும் காலம். பழைய சுண்ணாம்புச் சுவர்போலச் செதில் செதிலாகக் கிழிந்து தொங்கியது. அதனோடு இன்னும் நான்கைந்து, ஒன்றின் மேல் ஒன்று சேற்றில். எங்களைப் பார்த்து ஒற்றைக் கண்ணைத் திறந்து, மூக்கால் ஒரு நீண்ட, மரியாதை கெட்ட சத்தம் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டது.

தூரத்திலேயே நின்று காத்திருந்தோம். விலங்கை எழுப்பக்கூடாது, நெருங்கக்கூடாது. அது அதன் வீடு. நான் மனசுக்குள் எங்கள் ஊர்ச் சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். சீல் புரண்டது. நன்றாகப் பாறை மேல் புரண்டு படுத்துக்கொண்டது.

"இது எழுந்திருக்கும்வரை காத்திருந்தால் நாம் இங்கே ரேஷன் கார்டு வாங்க வேண்டும்" என்ற அர்த்தத்தில் மார்த்தா ஏதோ சொன்னார். கடல் மறுபடி எழ ஆரம்பித்திருந்தது. கடைசிப் படகு காத்திருந்தது. அந்த உடம்புக்கு அடியில் செடி உயிரோடு இருக்கிறதா, நசுங்கிவிட்டதா என்று தெரியாமலே இறங்கினேன். கரைக்கு வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஞாயிறு. நெகோ துறை

இங்கேதான் தீவு அல்லாத, கண்டத்தின் மண்ணில் கால் வைத்தோம். "ஏழு!" என்று கல்யாணி ஆன்ட்டி இரண்டு கைகளையும் தூக்கினார், மகன்களுக்கு வீடியோ எடுக்கச் சொன்னார். பனியாறு வெடித்துச் சரிந்தபோது துப்பாக்கி சுட்டதுபோலக் கேட்டது. படகில் திரும்பும்போது இரண்டு கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் பக்கத்தில் வந்து மூச்சு விட்டன. அந்த மூச்சு என் முகத்தில் பட்டது. அழுகிய மீன் நாற்றம். துடைத்துக்கொள்ள மனசு வரவில்லை.

பிப்ரவரி கடைசி. பிஸ்கட்டவே

இங்கே திரும்பி வந்த மறுநாள் பனி பெய்தது. நியூஜெர்சிப் பனியில் மணம் இல்லை, யாரும் கத்துவதில்லை. ஓரத்தில் வாரிப்போட்டதும் உப்பும் கரியுமாகக் கறுத்துவிடுகிறது. அங்கே பனி சொந்தக்காரன். இங்கே வந்துவிட்டுப் போகும் விருந்தாளி. அங்கே ஒரு கைப்பிடிப் பச்சையைச் சுற்றி நாங்கள் மூச்சடக்கி நடந்தோம். இங்கே பச்சையை மட்டமாக வெட்டிவைக்காவிட்டால் டவுன்ஷிப் நோட்டீஸ் அனுப்புகிறது.

படங்களைப் பார்த்துப் பேராசிரியர், "ஐந்து போதும், அத்தியாயம் தேறிவிடும்" என்றார். எனக்கும் அது தெரியும். அத்தியாயத்தை எழுத ஆரம்பித்துவிட்டேன். ஆனால் பாறைகளில் ஒன்றின் கதை எனக்குத் தெரியாது. அதைத் தெரியாமல் விட எனக்கு மனசில்லை. அடுத்த பருவத்தின் இலவசப் படுக்கை வேறொரு பல்கலைக்கழகத்துக்கு. கப்பலை விட்டு இறங்கும்போது மார்த்தா சொன்னார், விதை தெரிந்த ஆள் குழுவில் வேண்டும் என்று. ஆனால் குழுவில் சேர வேண்டுமானால் ரப்பர் படகு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்.

போன சனிக்கிழமை ராரிடன் விரிகுடாவில் படகுப் பயிற்சியின் முதல் வகுப்பு. மூன்று டிகிரி குளிர், முகத்தில் உப்புத் தண்ணீர். "அந்தத் தூண் வரை போ. தொடாமல், கை எட்டும் தூரத்தில் நிறுத்து" என்றார் பயிற்சியாளர். முதல் தடவை நேராகப் போய் மோதினேன். இரண்டாவது தடவை வேகத்தை முன்னாலேயே குறைத்து, அலை தூக்கும்வரை பொறுத்து, இன்ஜினை அணைத்தேன். படகு மெதுவாகப் போய், தூணுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.